பாக்கலாம் பூதம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளையும் அவளுடைய இரண்டு தோழிகளையும் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, டீ ஆறுவதற்குள் மூன்று பேரையும் கொன்றுவிட்டேன். விளையாட்டில்தான். ஆனாலும் தலை நரைத்த ஆள், நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசையே கட்டி மேய்க்கிற ஆள், ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு தேளரசனை உருவாக்கி, அதற்கு நெருப்பு, விஷம், மறைந்துபோவது, செத்தால் மறுபடி எழுவது என்று கைக்குக் கிடைத்த சக்தியையெல்லாம் வாரிக் கொடுத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்மேல் ஏவிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது அசிங்கம்தான். தோழிகள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். மகள் பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

இதைவிடப் பெரிய அசிங்கம், இந்தப் பாடத்தை நான் பத்து வயதிலேயே படித்து முடித்துவிட்டேன் என்பது.

எங்கள் ஊர் கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் இருக்கிறது. இந்த விளையாட்டை அங்கே கொண்டுவந்தவள் அக்கா. அவள் மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் தங்கிப் பன்னிரண்டாவது படித்தாள். கூடப் படித்த பெண்ணின் அப்பா, எங்கள் மலைக்கு ஜீப்பில் வந்து பலாப்பழம் வாங்குகிற வியாபாரி. ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். பாயின் மகன் பெங்களூருக்குப் படிக்கப் போய் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்து தங்கைக்குச் சொல்ல, தங்கை அக்காவுக்குச் சொல்ல, பரீட்சை முடிந்து அக்கா மலையேறியபோது துணிமூட்டையோடு அதுவும் ஏறி வந்தது.

ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் வீரர்களாகப் புகுந்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அடி விழுந்ததா இல்லையா என்று பகடை தீர்த்துவைக்கும். எங்களிடம் பகடை ஏது? ஆறு புளியங்கொட்டைகளை எடுத்து ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினோம். குலுக்கிப் போட்டால் எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ, அவ்வளவு பலமான அடி.

அக்காவுக்கு வெட்டுவதுதான் பிடிக்கும். சித்தப்பா மகனுக்கு எந்நேரமும் வாய் நிறையப் பலாச்சுளை. கதை சொல்ல அதில் இடம் கிடையாது. ஆகவே கதைசொல்லி நான். எதிரிகளை உருவாக்குகிற அதிகாரம் முழுக்க என் கைக்கு வந்தது. அதை எப்படி வைத்துக்கொண்டேன் என்பதற்குப் போன ஞாயிற்றுக்கிழமையே சாட்சி. என் முதல் பூதம் அக்காவைப் பார்வையாலேயே எரித்தது. சித்தப்பா மகன் கதைக்குள்ளும் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான். அவனைப் பழத்தோடு விழுங்கியது. அக்கா எழுந்து பாவாடையை உதறிக்கொண்டாள்.

"சக்தி எத்தன வேணாலும் குடு சாமி. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி வெய்யி. வழியே இல்லாத பூதத்தோட யாருடா வெளையாடுவா?"

மறுநாள் எல்லாச் சக்தியையும் பிடுங்கிவிட்டு இரண்டாவது பூதத்தை அனுப்பினேன். சித்தப்பா மகன் எறிந்த பலாப்பழம் மண்டையில் பட்டு அது செத்துப்போனது. இந்த முறை அக்கா எழுந்திருக்கவில்லை, கொட்டாவி விட்டாள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. அடித்தும் ஜெயிக்க முடியாத, அதே சமயம் யோசித்தால் ஜெயிக்கக்கூடிய ஒரு பூதத்தைச் செய்தே தீர்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஆடு மேய்க்கும்போதும் அதே நினைப்பு. இரண்டு முறை ஆடுகள் தாங்களாகவே வீட்டுக்கு வந்துவிட்டன, நான் பின்னால் வந்தேன்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். கீழே பெண்கள் காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் அப்பா கூடப் போய்க் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அக்கா சாயங்காலம் அப்பா கைகால் கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்து, மெதுவாக, காலேஜுக்குப் போகட்டுமா என்று கேட்டாள்.

அப்பா சொன்னார், "பாக்கலாம் கண்ணு."

எங்கள் அப்பா யாருக்கும் எதையும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்த ஒரே பதில் பாக்கலாம். கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்ற வேண்டுமே என்றாலும் பாக்கலாம். நோம்பி, பண்டிகை என்று பிறந்த வீட்டுக்குப் போய்வரட்டுமா என்று அம்மா கேட்டாலும் பாக்கலாம். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம், அழலாம், சாப்பிடாமல் படுக்கலாம். பாக்கலாம் என்றால் சரிங்க என்று தலையாட்டிவிட்டு நகர்வதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை.

அக்கா நகர்ந்தாள். மறுநாள் மறுபடி கேட்டாள், மறுபடி நகர்ந்தாள். என் பூதங்களின் தலையைச் சீவி எறிகிற அக்கா, நெருப்பில்லாமல், விஷமில்லாமல், ஒற்றை வார்த்தையில் சுருண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பியாக எனக்கு வந்திருக்க வேண்டியது வருத்தம். வந்தது சந்தோஷம். ஆகா, எப்பேர்ப்பட்ட சக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

பாக்கலாம் பூதம் அப்படித்தான் பிறந்தது. அது யாரையும் அடிக்காது. மலையை விட்டு இறங்குகிற ஒரே பாதையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தோல் பாறை, கத்தி இறங்காது. வழி விடு என்று யார் கேட்டாலும் பாக்கலாம் என்று சொல்லும்; கேட்டவருக்கு அந்த ஆட்டம் போச்சு. பொழுது சாய்வதற்குள் இறங்கவில்லை என்றால் அடிவாரத்துக் கோட்டையின் கதவைச் சாத்திவிடுவார்கள். சித்தப்பா மகன் பூதத்துக்குப் பழம் வேண்டுமா என்று கேட்டான். பாக்கலாம் என்றது பூதம். வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாகூட, நல்ல பேராத்தான் வெச்சிருக்கறான் என்று சிரித்தார். பக்கத்தில் கிழங்கு சீவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா மட்டும் சிரிக்காமல், இதுக்கு வழி எங்கடா என்றாள்.

ஆறு கொட்டையும் வெள்ளையாக விழுந்தால் பூதம் எழுந்து போய்விடும் என்றேன். அது அதிர்ஷ்டம், நான் கண்டுபிடிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். உப்பைத் தூவினால் கரைந்துவிடும் என்றேன். உப்பு என்று எனக்கு எப்படித் தெரியும், நீ சொன்னால்தான் தெரியும் என்றால் நீயே தூவிக்கொள் என்றாள். வழி என்பது பூதத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், உற்றுப் பார்க்கிறவளுக்குத் தெரிய வேண்டும். இப்படி ஒரு கண்டிப்பான ஆட்டக்காரியை நான் அதன்பிறகு பார்த்ததில்லை.

வேறு வழியில்லாமல் நான் அப்பாவை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். அப்பாவேதான் அந்தப் பூதம் என்று முடிச்சுப் போடுகிற புத்தியெல்லாம் எனக்குக் கிடையாது. பாக்கலாம் அதிகமாகக் கிடைக்கிற இடம் அவர் என்பதால் பின்னாலேயே அலைந்தேன், அவ்வளவுதான். பங்காளி வந்து அரிவாள் கேட்டார், பாக்கலாம். ஊர்க்காரர் ஒருவர் சோளக்காட்டுச் சந்தைக்குத் துணைக்கு வரச்சொல்லிக் கேட்டார், பாக்கலாம். ஓட்டையே இல்லை. புதன்கிழமை பாய் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கக்கூட இல்லை.

"ஏனுங்க, சனிக்கெழம வண்டி வருது. காயாப் பாத்து எறக்கி ரோட்டோரம் வெச்சுருங்க."

"சரிங்க பாய்," என்றார் அப்பா.

நான் நின்ற இடத்திலேயே குதித்தேன். பாக்கலாம் என்பது ஒரு பதில். பாய் கேள்வியே கேட்கவில்லை. கிழமையோடு சொன்னார், போய்விட்டார். கேள்வி இல்லாத இடத்தில் பாக்கலாம் எதன்மேல் போய் உட்காரும்?

அன்று சாயங்காலமே ஆட்டம் வைத்தேன். வீரர்கள் இருவரும் பூதத்தின் முன்னால் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள், குதிரையில் ஒரு வியாபாரி வருகிறான், கால மடக்குங்க குதிரை போவுது என்கிறான், பூதம் காலை மடக்கிக்கொள்கிறது, வியாபாரி போய்விட்டான் என்று சொன்னேன். குலுக்குவதற்குக் கொட்டைகளை எடுத்த அக்கா அவற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அவன் கேக்கவே இல்லியா?"

"இல்லியே. சொன்னான்."

வியாபாரி வந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். பிறகு அவளுடைய வீராங்கனை பூதத்தின் முன்னால் போய், பொழுதோட நாங் கோட்டைக்குள்ள இருக்கோணும், கால மடக்குங்க என்றாள். ஒரு கொட்டைகூட உருளாமல் பாதை திறந்துவிட்டது. சித்தப்பா மகன் ஏமாற்றிவிட்டோம் என்று கத்தினான். அக்கா ஜெயித்த முகமாகவே இல்லை. எழுந்து போய் அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தேடி எடுத்தாள்.

சனிக்கிழமை ரோட்டோரம் ஜீப்பில் பழம் ஏற்றினார்கள். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அப்பா தோளில் பெரிய பழம் ஒன்று. அந்தப் பக்கம் திரும்ப முடியாது, இந்தப் பக்கம் திரும்ப முடியாது. அக்கா அந்த நேரம் பார்த்து அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"அப்பா, திங்கக்கெழம காலேஜுல சேர்றேனுங்க. நீங்க கையெழுத்துப் போடோணும். பாய் வண்டில நம்ம ரெண்டு பேருக்கும் எடம் சொல்லிட்டேன். வேட்டி தொவச்சு வெச்சிருக்கறேன்."

கடைசியில் போகட்டுமா என்று ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. எம் புள்ளையும் அங்கதானுங்க சேருது என்றார் பாய், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. அப்பாவின் வாய் திறந்தது. பா என்கிற வரைக்கும் வந்ததை நானே பார்த்தேன். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பழத்தை வண்டியில் இறக்கினார், தோளில் ஒட்டிய பாலைத் துண்டால் துடைத்தார்.

"திங்கக்கெழம எத்தன மணிக்குங்க பாய் வண்டி?"

திங்கட்கிழமை இருவரும் போனார்கள், அப்பா மட்டும் திரும்பி வந்தார். காலேஜ் கட்டடத்தின் உயரத்தைப் பற்றி ஏதோ அவரே கட்டியதுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ ஆட்டக்காரி போய்விட்டாள். அக்கா இல்லையென்றால் நானும் வரவில்லை என்று சித்தப்பா மகனும் கைவிட்டான். இவ்வளவு அருமையான பூதத்தைச் செய்து வைத்துவிட்டு யாரிடமும் பெருமை பேச முடியவில்லை என்றால் வயிறு ஊதிவிடும்.

கடைசியில் கிழங்கு சீவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கலாம் எப்படி வேலை செய்யும், அதிர்ஷ்டம் ஏன் ஆகாது, உப்பு ஏன் ஆகாது, கேட்காமல் சொல்லிவிட்டால் பூதம் எப்படிக் காலை மடக்கும் என்று நடித்தே காட்டினேன். பாதியிலேயே அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. சிரிக்கப்போகிறாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டு, ஆட்டத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்து, ஓடிப்போய் ஆறு புளியங்கொட்டைகளையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தவன் நான்.

அம்மா சொன்னது இவ்வளவுதான்: "உங்கக்கா பொறக்கறதுக்கு முந்தியே அந்தப் பூதத்துக்கு வாக்கப்பட்டு வந்தவ நானு. வழி இருக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு உனக்குத் தோணலியாடா?"