இடம் இல்லையாம்

எங்கள் வீட்டில் டொச் மொழிக்கு, அதாவது ஜேர்மன் மொழிக்கு, நான்தான் பொறுப்பு. அம்மாவுக்குப் பல்லுக் கொதித்தால் பல் டொக்டரிடம் நான் போக வேண்டும். வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியைப் பற்றிக் கடிதம் போட்டால் நான் வாசிக்க வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாவுக்கு டெர்மின், அதாவது வரச்சொல்லி நேரம், கிடைத்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குப் பாடம் இல்லை. அப்பா ஜேர்மனிக்கு வந்து பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன. உறைய வைத்த பீட்சா செய்யும் ஃபப்றிக்கில் மாப் பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தார். அங்கே பேசத் தேவையான டொச் அவரிடம் இருந்திருக்கும். ஆனால் வீட்டு வாசலில் பார்சல்காரன் நீட்டும் சீட்டைக்கூட வாங்கி என்னிடம்தான் தருவார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில், பஸ் அரை மணிக்கு ஒன்று வரும் ஊரில் இருந்தோம். அந்த ஊரில் ஒரு பேஸ்போல் கழகம் இருந்தது. ஏன் இருந்தது என்று ஊர்க்காரருக்கே தெரியாது. கால்பந்தில் என்னை எடுக்காததால் வகுப்புத் தோழன் ஒருவன் அங்கே கூட்டிக்கொண்டு போனான்.

பேஸ்போலில் பிட்ச்சர் என்பவன் பந்தை எறிவான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிப்பவன் கேட்ச்சர். தலையில் கம்பிக் கூடு, நெஞ்சில் கவசம், காலில் கவசம், வெயிலென்றாலும் மழையென்றாலும் குந்தல். அந்த வேலைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். முதல் நாள் பயிற்சியாளர் எல்லாப் பிள்ளைகளையும் குந்தச் சொன்னார். டொச்சுப் பிள்ளைகள் குதிக்காலைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், இரண்டு பேர் பின்பக்கமாக விழுந்தார்கள். நான் பாதம் முழுவதும் நிலத்தில் பதிய, மீன் சந்தையில் பாரை விலை கேட்கிறவர் மாதிரிச் சும்மா குந்தியிருந்தேன். பயிற்சியாளர் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். இப்படி இருக்க எங்கே பழகினாய் என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் இப்படித்தான் இருப்போம் என்றேன். அன்றே கம்பிக் கூட்டை என் தலையில் மாட்டிவிட்டார்.

அதுவரைக்கும் அது விளையாட்டு. கனடாவில் இருந்த பெரிய மாமா தொலைபேசியில் பேசிய பிறகுதான் அது வேலையாக மாறியது. அமெரிக்காவில் நல்ல கேட்ச்சருக்குப் பெரிய தட்டுப்பாடு என்றும், கீழ்மட்டக் கழகங்களில் பதினேழு பதினெட்டு வயதுப் பொடியன்களை வைத்து வருடக்கணக்காகப் பதப்படுத்துகிறார்கள் என்றும், மற்ற ஆட்டக்காரன் முடிகிற வயதில்தான் கேட்ச்சர் தொடங்குவான் என்றும் அவர் அப்பாவுக்கு விளக்கினார். மாமா டொரொண்டோவில் டக்சி ஓட்டினார். அவருக்குத் தெரியாத துறை ஒன்று உலகத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த நாளே அப்பா ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையப் பழைய பந்துகளைக் கழகத்திலிருந்து வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் விடிய முன்னம் வேலைக்குப் போய், மதியம் இரண்டரைக்கு வருவார். புருவத்தில் மா இருக்கும். சாப்பிட்ட கையோடு படுக்கிற மனிதர், அன்றிலிருந்து படுக்காமல், தோளில் நோவுக்குப் போடும் பாம் பூசிக்கொண்டு வாளியைத் தூக்குவார். "எழும்பு, ஒரு அறுபது பந்து போட்டிட்டு வருவம்" என்பார். எங்கள் மாடிவீட்டுக்குப் பின்னால் கார்க் கொட்டில்களுக்கு நடுவே கல் பாவிய முற்றம் ஒன்று இருந்தது. அங்கே நான் கொட்டில் கதவுக்கு முதுகு காட்டிக் குந்துவேன். அப்பா மறுகரையில் நின்று எறிவார்.

அங்கேதான் பிசகு. அப்பா யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூட அணிக்கு வேகப் பந்து போட்டவர். பேஸ்போலில் பந்து நிலத்தில் குத்தாமல் வர வேண்டும். அப்பாவின் கையோ தலைக்கு மேலால் நேராகச் சுழன்று வந்து, பந்தை எனக்கு முன்னால் நிலத்தில் குத்தித்தான் விடும். கல்லில் பட்டது எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது.

"அப்பா, குத்தக் கூடாது. நேரை எறியோணும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கும் விளங்குது. கை கேக்குதில்லை" என்றார்.

ஆகவே ஒரு வருடம் முழுவதும், கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு அறுபது குத்துப் பந்து. நாடியிலும் தொண்டையிலும் தொடையிலும் வாங்கினேன். பிடிக்க ஏலாத பந்தை நெஞ்சால் மறித்து முன்னால் விழுத்தப் பழகினேன். கேட்ச்சருக்கு மிகக் கடினமான பாடம் அதுதான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பிட்ச்சர் தவறிப்போய் மண்ணில் குத்துகிற பந்தை மறிக்க, பெரிய கேட்ச்சர்களே வருடக்கணக்கில் பாடுபடுகிறார்கள். பயிற்சியாளர் ஒருநாள் அதைக் கண்டுபிடித்து, யார் பழக்கினார்கள் என்று கேட்டார். அப்பா என்றேன். அவர் பேஸ்போல் ஆடியவரா என்றார். இல்லை, அவருக்கு அது வராது, அதனால்தான் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் தெற்கே ஒரு நகரத்துக்குக் கடிதம் எழுதினார்.

அந்த நகரத்தில் பிள்ளைகளைத் தங்கவைத்து, படிப்பித்து, பேஸ்போலும் பழக்குகிற விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. அமெரிக்கக் கழகங்களின் ஆட்கள் அங்கே வந்து பொடியன்களைப் பார்ப்பார்கள். அடுத்த கோடைக்கு ஒரேயொரு கேட்ச்சரை எடுப்பதாக இருந்தார்கள். என்னைத் தேர்வுக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. அதையும் நான்தான் வாசித்து மொழிபெயர்த்தேன். அம்மா கேட்டுவிட்டு மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

ஒன்றை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்குக் களைத்துப் போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு புடைப்புகள் வளர்ந்திருந்தன, படியிறங்கும்போது உயிர் போகும். இடது பெருவிரல் எப்போதும் வீங்கியே இருந்தது. அந்த மாதம் மட்டும் அப்பாவோடு இரண்டு டெர்மின், அம்மாவோடு ஒன்று, கீழ்வீட்டு அக்காவின் அன்ட்றாக் விண்ணப்பம் ஒன்று நிரப்பிக் கொடுத்தது, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வேறு. இரவு படுக்கும்போது கண்ணை மூடினால் பந்து குத்தி எழும்பி வரும். ஆனால் தோளில் பாம் மணக்க ஒரு மனிதர் வாளியோடு நிற்கும்போது எனக்கு ஏலாது என்று எப்படிச் சொல்வது?

அப்பாவும் நானும் சனிக்கிழமை ரயில் ஏறினோம். மலிவு டிக்கெட் என்பதால் ஐந்து இடத்தில் மாற வேண்டும். அம்மா புட்டும் ரின்மீன் பொரியலும் கட்டித் தந்திருந்தார். அப்பா மினுக்கிய சேர்ட்டுப் போட்டு, மடியில் வீட்டு ஓர்ட்னரை வைத்திருந்தார். எங்கள் விசா, பிறப்புப் பத்திரங்கள், தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடங்கிய தடித்த கோப்பு அது. ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் அது இல்லாமல் எந்த டொச்சுக்காரனுக்கு முன்னாலும் போய் இருந்ததில்லை.

ஞாயிறு காலை தேர்வு. ஓடவிட்டார்கள், எறியவிட்டார்கள், கடைசியில் குந்தவிட்டு இயந்திரத்தால் பந்தை மண்ணில் குத்தி அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பினார்கள். எனக்கு அது அப்பாவின் பந்தைவிடச் சுலபமாக இருந்தது, இயந்திரம் ஒரே மாதிரி எறியும். இருபதில் பத்தொன்பதை மறித்தேன். வேலிக்கு வெளியே அப்பா ஓர்ட்னரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மதியத்துக்குப் பிறகு எங்களை ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் நிறுத்தற் கடிகாரம் தொங்கிய வயதான மனிதர் ஒருவர் இருந்தார். முதலில் அப்பாவைப் பார்த்து மெதுவாகப் பேசத் தொடங்கினார். அப்பா வழக்கம் போல என் பக்கம் கண்ணைக் காட்ட, அவரும் எல்லா அதிகாரிகளையும் போல என்னிடம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு இடம் இருக்கிறது என்றார். இப்படி மறிக்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தான் கண்டதில்லை என்றார். ஓகஸ்டில் வரலாம். ஆனால் கேட்ச்சர் ஆவதற்கு அவசரப்படக் கூடாது, முதல் மூன்று வருடமும் குந்தலும் மறித்தலும்தான், நாளுக்கு இருநூறு பந்து. பதினாறில் அமெரிக்கர்கள் பார்ப்பார்கள், எடுத்தால் அங்கே கீழ்மட்டத்தில் இன்னும் ஆறேழு வருடம். சொல்லிவிட்டு, "அப்பாவுக்குச் சொல்லு" என்று சிரித்தார்.

நான் இருநூறு பந்தை நினைத்தேன். ஆறேழு வருடத்தை நினைத்தேன். முழங்கால் இரண்டும் மேசைக்குக் கீழே விண்விண் என்று இடித்துக்கொண்டிருந்தன.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நல்லா விளையாடுறனாம்" என்றேன். "ஆனா இந்த முறை இடம் இல்லையாம்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்தார். அவர் இன்னும் சிரித்துக்கொண்டே, கடிதம் அனுப்புகிறேன் என்று கையை நீட்டினார். அப்பா எழும்பி இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்து டாங்க என்று டொச்சில் நன்றி சொன்னார். பெரியவர் என் தோளில் தட்டினார். நான் பொய்யை எவ்வளவு திறமாகச் சொல்லி முடித்தேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. இடம் இல்லை என்று சொல்கிற மனிதர் அப்படிப் பல் தெரியச் சிரிப்பாரா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

திரும்பும் வழியில் அப்பா ஓர்ட்னரைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். மூன்றாவது ரயிலில் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, காற்சட்டையை உருட்டி, அந்தப் புடைப்புகளில் தன் பாமைப் பூசினார். "எவ்வளவு நாளா?" என்றார். தெரியாது என்றேன். பூசிய கையோடே தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். அவருடைய கனவை உடைத்துவிட்டேன் என்று நினைத்து நான் யன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

வீட்டு வாசலிலேயே அம்மா, "என்னவாம்?" என்றார். நான் வாயைத் திறக்க முன்னம் அப்பா சொன்னார்.

"நல்லா விளையாடுறானாம். இந்த முறை இடம் இல்லையாம்."

கனடா மாமாவுக்கும் அதையே சொன்னார். மாமா வெள்ளைக்காரரின் புத்தியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

வாளி நிலவறைக்குப் போனது. அடுத்த நாள் இரண்டரைக்கு வந்த அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எனக்கு அது தண்டனையாகப் பட்டது. என்னில் நம்பிக்கை விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம் அந்தக் கடிதம். தபால் பெட்டித் திறப்பு எப்போதும் என் கழுத்தில்தான் கிடக்கும், வந்தவுடன் கிழித்துப் போடுவதாக இருந்தேன். ஆனால் அந்தக் கிழமையே, பூட்டு இறுகிக்கிடக்கு, எண்ணெய் விட வேணும் என்று சொல்லி அப்பா திறப்பை வாங்கி வைத்துக்கொண்டார். "ஏதும் வந்ததோ?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். "கரண்ட் பில் வந்தது" என்பார். கடிதம் வரவேயில்லை. டொச்சுக்காரரும் மறப்பார்கள் என்று எண்ணி ஆறுதல் அடைந்தேன்.

கழகத்தில் இன்னும் இரண்டு வருடம் தூரத்தில் நின்று பந்து பொறுக்கினேன். பிறகு விட்டுவிட்டேன்.

பத்தொன்பது வயதில் ஒருநாள் அந்தப் பழைய பயிற்சியாளரை பஸ் தரிப்பில் கண்டேன். அவர் என் முழங்காலை விசாரித்தார். பிறகு, உன் அப்பாவின் கடிதத்தைத் தெற்கிலிருந்து எனக்கும் படி எடுத்து அனுப்பியிருந்தார்கள், இன்னும் வைத்திருக்கிறேன் என்றார். எந்தக் கடிதம் என்று கேட்டேன். இடம் வேண்டாம் என்று எழுதிய கடிதம்தான், மூன்றே மூன்று வரி என்றார். என் அப்பாவுக்கு டொச் எழுத வராது என்றேன். வராதுதான், ஆனால் எழுதியிருக்கிறார் என்றார். இடத்துக்கு நன்றி. என் மகன் களைத்துவிட்டான். அவன் சின்னப் பிள்ளை. அவ்வளவுதான் அதில் இருந்ததாம்.

பஸ் வந்ததும் ஏறினேன். எங்கே இறங்க வேண்டும் என்பதை மறந்து ஒரு பழைய பின்னேரத்தை நினைத்துக்கொண்டு கடைசித் தரிப்பு வரைக்கும் போனேன்.

தேர்வு முடிந்து இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு பின்னேரம், நான் குசினி மேசையில் கணக்குச் செய்துகொண்டிருக்க, அப்பா வந்து முன்னால் இருந்தார். கடை விளம்பரத் தாள் ஒன்றைத் திருப்பி வைத்து, என் பேனையை நீட்டினார். களைத்துப் போச்சு என்பதை டொச்சில் எழுதிக் காட்டச் சொன்னார்.

"ஃபப்றிக்குக்கோ அப்பா?"

"ஓம்."

நான் பெரிய எழுத்தில் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தாளை நாலாக மடித்துச் சேர்ட்டுப் பைக்குள் வைத்தார். வீட்டின் டொச் மொழிக்குப் பொறுப்பானவன் என்கிற முறையில் நான் அவருக்கு ஒரு அறிவுரையும் சொன்னேன்.

"களைப்பெண்டால் வாயைத் திறந்து சொல்லோணும் அப்பா. சொன்னால்தானே அவைக்குத் தெரியும்."

அப்பா என் தலையில் கையை வைத்து, "ஓமப்பன்" என்றார்.