சிவமலர் அக்காவும் தகரக் கூரை மழையும்

சித்திரை மாதத்து ஒரு காலை, மெட்ரோவில் நின்றபடி தொலைபேசியில் செய்தியைக் கேட்டேன். "மாமா, அம்மா போயிட்டா" என்றாள் சிவமலர் அக்காவின் மகள். இறங்கவேண்டிய நிலையம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

நம் கோடை நாடகம் எப்படித் தொடங்கியது என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. மொன்றியலிலிருந்து ஒரு மணிநேர ஓட்டத்தில், ஒரு தேவாலயமும், டெப்பனர் என்கிற ஒரு மூலைப் பலசரக்குக் கடையும் உள்ள சிற்றூர். அங்கே சும்மா கிடந்த மாட்டுக் கொட்டகையைக் கேட்கப் போனோம். எங்களில் பிரெஞ்சு தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். அதுவும் கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்தபோது குழந்தைகளிடம் பழகிய பிரெஞ்சு. சொந்தக்காரக் கிழவர் சிரித்துச் சிரித்தே சாவியைத் தந்தார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆடியும் அது நம் நாடகக் கொட்டகை.

தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒரு வசனமும் கேளாது. முதல் கோடையில் தொண்டை கிழியக் கத்தினோம். "மழையோடை போட்டிக்குக் கத்தாதேங்கோ. அது விட்டாப்பிறகு கதைப்பம்" என்றார் அக்கா. அன்று பிறந்த வழக்கம்தான், மழை வந்தால் நின்றபடியே நிற்பதும், விட்டதும் நிறுத்திய சொல்லிலிருந்து தொடர்வதும். தாய் வேடத்தில், கையில் செம்போடு அக்கா கால்மணி நேரம் அசையாமல் நின்றாரே, பார்த்திருப்பீர்கள்.

போன வருட ஒத்திகையில் அவர் மூன்று முறை வசனத்தைத் தவறவிட்டார். நான் நெறியாளன் அல்லவா! எல்லாருக்கும் முன்னால், "அக்கா, நீங்கள் இனித் திரை இழுத்தாப் போதும்" என்றேன். என் நாக்கில் சனிதான் இருந்திருக்க வேண்டும். "ஓம் தம்பி" என்றார். தாய் வேடத்துச் சேலையை அவரே மடித்து வைத்தார்.

நாடகத்தன்று, நானும் வேடம் போட்டு மேடையில் இருந்தபோது மழை வந்தது. நின்றேன். மழை விட்டது, எனக்குச் சொல் வரவில்லை. சபை முழுவதும் என்னையே பார்க்கிறது. திரைக் கயிற்றின் பக்கமிருந்து மெல்லிய குரல்: "இந்த வீட்டிலை எனக்கொரு கதிரை இல்லையோ?" அது என் வசனம். வாங்கிச் சொன்னேன்.

பிறகு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர், "நல்லாத்தான் நிண்டீங்கள், சிலை மாதிரி" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கோடையில் வேடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மடையன்.

தகனம் முடிந்து, செயின்ட்-மிஷேலில் உள்ள அக்கா வீட்டில் மகள் அவருடைய நாடகக் கொப்பியைத் தந்தாள். என் வசனங்கள் அத்தனைக்கும் கீழே பென்சில் கோடு. "பஸ்ஸிலை இதைத்தான் வாசிப்பா, மாமா. மழை விட்டாப்பிறகு தம்பிக்குத் தடுமாறும், நான் பாத்திருக்கோணும் எண்டுவா."

இந்த ஆடியிலும் கொட்டகை திறக்கும். மழை வந்தால் நிற்போம். கொப்பி என்னிடம் இருக்கிறது. கேட்காமல் விட்ட மன்னிப்பும் என்னிடமே இருக்கிறது.