ஐம்பது அடியில் என் மனைவி

ரங்கூனுக்கு வந்து பத்து வருஷமாகியும், தெருவில் ஒரு பெண்மணி என்னை நிறுத்திச் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவர்களுக்கு இல்லை. எதிர்வீட்டு பர்மியப் பெண்மணி தினமும் காலையில் கேட்பார். ஒருநாள் அவர் கையிலிருந்த சுருட்டுக்கட்டில் நான் வரைந்த மயில் சீட்டு ஒட்டியிருந்தது. தெரிந்த அரைகுறை பர்மியில், "இது என்னுடையது" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடி, சுருட்டுக்கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊரிலுள்ளவர்களுக்கு என் உத்தியோகத்தை விளக்கினாலும் ஏறக்குறைய இதே கதிதான். பாளையங்கோட்டை அச்சுக்கூடம் ஒன்றில் கல்லச்சு பழகினேன். கல்லில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எழுத வேண்டும். வேதவசனங்களையே அப்படித் திருப்பி எழுதிய பாவம், கடல் கடந்து வந்து சோப்புக்கும் சுருட்டுக்கும் துணிமூட்டைக்கும் மேலே ஒட்டும் படச்சீட்டு வரைகிறேன். கூடாரத்தில் பயாஸ்கோப் காட்டும் முதலாளி ஒருவருக்கு விளம்பரத்தாள் வரையப் போன இடத்தில், அவருடைய காமிராவைச் சுற்றவும் கற்றுக்கொண்டேன். அசையாத படம் சோறு போடுகிறது. அசையும் படத்தால் மனம் நிறைகிறது.

என் மனைவி அன்னம்மாளுக்குப் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. அவளும் வேலையை விடவில்லை, நானும் விடவில்லை. ஒருமுறை ஊருக்குப் போகாமலே நாலு வருஷம் ஓடிவிட்டது. அவள் முகத்துக்கு என்னிடம் போட்டோ இருந்தது. அவள் நடைதான் மறந்துகொண்டே வந்தது. வரைந்து பார்த்தேன். தாளில் நடந்தவள் வேறு யாரோ.

போன வருஷம் நெல்லைத் தேரோட்டத்தைப் படம்பிடித்து வர முதலாளி என்னைக் காமிராவோடு அனுப்பினார். தேருக்குப் போக ஐம்பது அடி பிலிமை மிச்சம் பிடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஓடாது. ஒரு நடைக்குப் போதும். வேதக்கோயில் வாசலில் அன்னம்மாளை நிறுத்தி, "என்னப் பாத்து பைய நடந்து வா, அவ்வளவுதான்" என்றேன். சொந்தக்காரர் பத்துப் பேர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

"மாப்ளே, எங்களையும் சேத்துப் புடியும்வே. ரங்கூன்காரனும் நம்ம மூஞ்சிய ஒருக்கப் பாக்கட்டும்" என்றார் அவளுடைய அண்ணன்.

"பாத்துட்டு அங்கன உள்ளவன்லாம் கப்பலேறி ஓடிருவாம்ண்ணே" என்றாள் அன்னம்மாள்.

காமிராவின் கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றத் தாளக்கணக்கு வேண்டும். மற்றவர்கள் மனத்துக்குள் எண்ணுவார்கள். நான் ஆராதனையில் பாடும் ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டே சுற்றுவது வழக்கம். ரங்கூனில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பாளையங்கோட்டையில், அதுவும் கோயில் வாசலில் பாடியதுதான் வினை. முதல் வரி காதில் விழுந்ததும் அண்ணன் மேல்துண்டைச் சரிசெய்து நிமிர்ந்து நின்றார். எல்லாரும் ஆராதனையில் நிற்பதுபோல அசையாமல் நின்று, கூடவே பாட ஆரம்பித்தார்கள். அன்னம்மாளும் முக்காட்டை இழுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே பாடினாள். நடக்கச் சொல்லிக் கத்த வேண்டுமானால் பாட்டை விட வேண்டும். பாட்டை விட்டால் சுற்று தவறும். பாடியபடியே கண்ணால் கெஞ்சினேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் உரக்கப் பாடினார்கள். பிலிம் தீர்ந்தது.

"ஏட்டி, நடன்னு சொன்னேம்லா!"

"நல்லாருக்கே! பாட்டு நடக்கையில குறுக்க நடக்கப்படாதுன்னு பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கவ நான்லா. பாட்ட எடுத்தது நீங்கதான?"

பள்ளிக்கூட மணி அடித்தது. அவள் விறுவிறுவென்று போனாள். இடது தோள் சற்றுத் தாழ்ந்த நடை. வெறும் காமிராவைப் பிடித்துக்கொண்டு, வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரங்கூனில் பிலிமைக் கழுவி ஓட்டிக் காட்டியபோது, சத்தமில்லாமல் அசையும் வாய்களைப் பார்த்து, "உன்னை ஏன் இத்தனை பேர் சேர்ந்து திட்டுகிறார்கள்?" என்று கேட்டார் முதலாளி. ஆசீர்வதிக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காட்சிக்கு முன்னால், காலிக் கூடாரத்தில் அதைத் தனியாகப் போட்டுப் பார்க்கிறேன். படம் காட்டும் கருவியையும் கையால்தான் சுற்ற வேண்டும். நான் இங்கே பாட, திரையில் அவள் வாய் திறக்கிறாள். சில இடங்களில் என்னைவிட அரைச் சொல் முந்திவிடுகிறாள். ஓரிடத்தில் தலை நிமிர்த்தி என்னை நேராகப் பார்க்கிறாள். அந்த இடத்தில் ஒரு கணம் கையை நிறுத்தத் தோன்றும். முடியாது. ஓடாமல் நின்றால் விளக்கின் சூட்டில் பிலிம் பற்றிக்கொள்ளும். அவள் எரிந்துவிடக் கூடாதே என்று, பாடிக்கொண்டே அவளைக் கடந்து போகிறேன்.