அண்ணன் விட்டுப்போன இரண்டு கேம் ஷாஃப்ட்

சனிக்கிழமை சாயங்காலங்களில் மீன் பொரிக்க எங்கள் அம்மா கடிகாரம் பார்க்கமாட்டார். அண்ணன் பினாங்குத் தொழிற்சாலையில் வேலை முடிந்து காரில் வருவான். பீடோங் ஊரைத் தாண்டி எங்கள் எஸ்டேட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு தடுப்புக் கட்டை உண்டு. காவல்காரர் அதைத் தூக்கும்வரை கார் நின்றபடியே உறுமும். சீராக உறுமாது, இருமல் பிடித்த ஆள் சிரிப்பதுபோல, விட்டுவிட்டு, 'டொக்... டொடொக்' என்று. அது கேட்டதும் அம்மா காய்ந்த எண்ணெயில் கெம்போங் மீனைப் போடுவார். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மீன் மொறுமொறுவென்று தட்டில் இருக்கும். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் வாரத்தின் பெரிய விசேஷம் அதுதான்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் ஒரு கேம் ஷாஃப்ட். இஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற, மேடு மேடான இரும்புத் தண்டு. பந்தயக் கார்களுக்குப் போடுவதை அண்ணன் எங்கோ தேடிப் பிடித்துத் தன் பழைய ஜப்பான் காரில் மாட்டியிருந்தான். அது போதாதென்று எண்பதுகளின் தொடக்கத்தில் அவனுக்கு டர்போ கிறுக்குப் பிடித்தது. உடைத்த கார்களின் சாமான் விற்கும் கடையிலிருந்து, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வேகம் கூட்டுகிற ஒரு டர்போவைத் தூக்கிக்கொண்டு வந்து, பீடோங் பட்டறையில் இஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் போட்டான்.

பட்டறை மெக்கானிக் அவனோடு பள்ளியில் படித்தவர். பிரித்த அன்றே சொல்லிவிட்டார்.

"டேய், டர்போவுக்கு அந்த ரேஸ் கேம் ஆகாதுலா. ரெண்டு வால்வும் ஒண்ணா தொறந்திருக்கிற நேரம் அதுல ஜாஸ்தி. டர்போ தள்ளுற காத்து உள்ள தங்காம எக்ஸாஸ்ட் வழியா ஓடிரும். சாதா கேம் போடு, காடி பிச்சிக்கிட்டுப் போவும்."

"சத்தம்?"

"சத்தம் போயிரும். தையல் மெஷின் மாதிரி ஓடும்."

அங்கேதான் அண்ணன் மாட்டிக்கொண்டான். வேகமும் வேண்டும், சத்தமும் வேண்டும். அந்தப் பந்தயக் கேம், முன்பு கழற்றி வைத்திருந்த காரின் சாதா கேம் இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து மாறி மாறிப் பார்ப்பான்.

"பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்ளோ யோசிக்கமாட்ட போல" என்று கிண்டல் செய்தேன்.

"சத்தம் இல்லாட்டி அம்மா எப்ப மீன் போடுவாங்கலா?" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். வாரங்கள் போயின. இஞ்சின் பிரித்தபடியே கிடந்தது. நண்பனின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி வந்துபோய்க்கொண்டிருந்தான். ஒரு மழை நாளில், பட்டர்வொர்த் சாலையில், லாரிக்கடியில் போய்விட்டான்.

அம்மா அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. லாரிக்காரன்மேல் வரவேண்டிய கோபமெல்லாம் மேசைமேல் கிடந்த அந்த இரண்டு இரும்புத் தண்டுகள்மேல் வந்தது. ஒன்றை எடுத்து யாராவது ஆற்றில் எறிந்திருந்தால், மற்றதை மாட்டிக்கொண்டு காரில் வந்திருப்பான். இன்றும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மாதாகோயில் வாசலில் மெக்கானிக் அம்மாவிடம் வந்தார்.

"ஆன்ட்டி, காடிய நான் முடிச்சுக் குடுத்துர்றேன். எந்தக் கேம் போடணும்னு மட்டும் நீங்க சொல்லிருங்க."

"சத்தம் வர்றதப் போடு, தம்பி."

"அதப் போட்டா டர்போ இழுக்காது ஆன்ட்டி."

"இழுக்காட்டி போவுது. நான் என்னா ரேஸுக்கா போறேன்?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அம்மாவும் நானும் சமையலறையில் இருந்தோம். தடுப்புக் கட்டைப் பக்கமிருந்து அது கேட்டது. டர்போ சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கியிருந்தாலும் அதே இருமல், அதே சிரிப்பு. அம்மா மஞ்சள் தடவி வைத்திருந்த மீனை எடுத்து எண்ணெயில் போட்டார். நெற்றியில் விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அண்ணன் போனபிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

கார் வாசலில் வந்து நின்றது. மெக்கானிக் இறங்கினார்.

அவர்தான் கொண்டுவருவார் என்று எங்களுக்குத் தெரியும். காலையிலேயே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். தெரிந்தும் அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அடுப்பை நான் அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா மீனைத் தட்டில் எடுத்துப்போட்டு, மெக்கானிக்கை அண்ணன் உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவிவிட்டு வந்தவரிடம் அம்மா சொன்னார்: "நல்லா செஞ்சிருக்க தம்பி. அவன் சத்தமேதான். கொண்டுபோயி அந்த இன்னொரு கேமப் போட்டுரு."

"ஆன்ட்டி..."

"வாரா வாரம் இத என்னால கேக்க முடியாதுய்யா."

சாதா கேம் போட்டபிறகு கார் பிய்த்துக்கொண்டுதான் போனது. அண்ணன் ஆசைப்பட்ட வேகம் அதில் இருந்தது. நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சுங்கைப்பட்டாணியில் வேலை முடிந்து சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். தடுப்புக் கட்டையருகே கார் தையல் மெஷின்போல ஓடிக்கொண்டு நிற்கும். வீடுவரை ஒன்றும் கேட்காது. அம்மா முன்னாலேயே பொரித்து மூடி வைத்திருப்பார். நாங்கள் ஆறிப்போன மீனைத்தான் சாப்பிட்டோம்.