தேதி இருக்கும் முனை

ரோஸ்மோன் மாத்திரை அட்டையை எப்போதும் தேதி இல்லாத முனையிலிருந்தே வெட்டுகிறார். கத்தரிக்கோல் மணிக்கட்டில் கயிற்றோடு தொங்குகிறது. இரண்டு கேட்டால் இரண்டு. மீதி மறுபடி ரப்பர் வளையத்துக்குள். ஜாக்மெல் சந்தையில் வாளியில் மருந்து விற்பவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் தேதி அச்சடித்த முனையைத்தான் முதலில் வெட்டித் தள்ளுவார்கள். அதன் பிறகு அந்த அட்டைக்கு வயதே கிடையாது.

"கழுதை வாங்குறவன் பல்லைப் பிடிச்சு வயசு பாப்பான். மாத்திரைக்குப் பல்லு ஏது?" என்பார் ரோஸ்மோன்.

சிவப்பு வாளி. அதன் மேல் வண்ண வண்ண அட்டைகளைச் சுற்றிக் கட்டிய கோபுரம். கையில் ஒரு கறுப்புக் குடை. அது வாளிக்கு, அவருக்கு அல்ல. வழுக்கைத் தலை வெயிலில் மின்னுவதைப் பார்த்துச் சந்தைப் பெண்கள் சிரிப்பார்கள். "சிரிங்க. என் மேல தேதி போடல. இதுங்க மேல போட்டிருக்கு. அதுவும் சூடு படாம வெச்சாத்தான் செல்லும்."

தேதி தாண்டிய தலைவலி மாத்திரையை அவர் ஒளிப்பதில்லை. "ரெண்டு மாசம் போயிடுச்சு. வலி விட்டாலும் விடும், விடாமலும் போகும். வேணுமா?" பெரும்பாலோர் வாங்கிக்கொள்வார்கள். சிரப், இதய மருந்து, வலிப்பு மாத்திரை ஆகியவற்றுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. தேதி முடிந்ததும் கக்கூஸ் குழிக்குள் போய்விடும். மேட்டுத்தெரு கன்னியாஸ்திரீகளின் மருந்தகத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது.

இந்த ஆண்டு ஆயுதக் கும்பல்கள் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸிலிருந்து வரும் சாலையை மறித்து மருந்து வரத்து குறைந்தபின், ஒரே ஒரு வலிப்பு மாத்திரை அட்டைத் துண்டை மட்டும் அவர் எறியாமல் வாளியின் அடியில் வைத்திருந்தார். அது தேதி இருந்த முனை, பிப்ரவரியோடு முடிந்திருந்தது. மே மாதம், வாழைக்காய் பொரித்து விற்கும் எல்மீர் வந்து நின்றாள். நாள் முழுக்க அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் மகள் நாடேஜுக்கு வலிப்பு உண்டு. வீட்டில் மாத்திரை தீர்ந்துவிட்டது, மருந்தகத்திலும் இல்லை. மருந்து லாரி வருவது நாளை மறுநாள்தான்.

"குடு, கொம்பே." சந்தையில் எல்லோருக்கும் அவர் கொம்பே, சொந்தக்காரர் மாதிரி; பெண்கள் எல்லோரும் அவருக்கு மக்கொமே.

"செத்த மாத்திரை, மக்கொமே."

"நீ படிக்கிற தேதிய மாத்திரையும் படிக்குதாக்கும்!"

"தலைவலி மாத்திரை வேலை செய்யலேன்னா தலை வலிக்கும், அவ்வளவுதான். இது வேலை செய்யலேன்னா புள்ள உன் எண்ணெய்ச் சட்டியில விழும்."

"ஒண்ணுமே குடுக்கலேன்னா?"

ரோஸ்மோன் கைபேசியை எடுத்து, எல்மீருக்கும் கேட்கும்படி வைத்து, மருந்தகக் கன்னியாஸ்திரீ சகோதரியைக் கேட்டார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதைவிட இது மேல், ஆனால் இதை நம்பிவிடக் கூடாது, லாரி வரும்வரை பிள்ளை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார் சகோதரி.

துண்டைத் தேதியோடு எல்மீரின் உள்ளங்கையில் வைத்தார் ரோஸ்மோன். "பிப்ரவரி. நல்லாப் பாத்துக்க. சகோதரி சொன்னது கேட்டுச்சில்ல?"

"பக்கத்துல ஆளா? நான் அடுப்பை அணைச்சா ராத்திரிச் சோறு?"

ரோஸ்மோன் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்து அடுப்படிக்குப் போனார்.

"உனக்கு வியாபாரம் இல்லியா, கொம்பே?"

"சட்டியைப் பாரு. காய் கருகுது."

வாளியைச் சுவர் நிழலில் இறக்கினார். குடையை விரித்து அதன் மேல் சாய்த்தார். பிறகு கொதிக்கும் எண்ணெய்க்கும் நாடேஜுக்கும் நடுவே, சட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.