கோல் காத்த யும்னா தலை காத்த கதை

சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில் ஒலி முகம்மதுவுக்கு ஒரு ஜவுளிக் கடை இருக்கிறது. பள்ளி விடுமுறை நாட்களில் அவர் பரண்மேல் ஏறி நின்று துணிக்கட்டுகளைக் கீழே போடுவார். மகள் யும்னா பிடித்து அடுக்குவாள். ஜார்ஜெட் வந்தாலும் சரி, கனமான சட்டைத் துணி வந்தாலும் சரி, கைநழுவ விடமாட்டாள். "என் மவ கையில பசை இருக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். அந்தக் கை காற்பந்துத் திடலுக்குப் போகும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டான உயர்நிலை ஒன்றில் அவள் சேர்ந்தபோது பள்ளியின் பெண்கள் காற்பந்துக் குழுவில் கோல்கீப்பர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பந்து முகத்துக்கு நேரே வருகிற இடத்தில் நிற்க யாருக்கு மனம் வரும்? யும்னா போய் நின்றாள். முதல் நாளே முழங்கை தேய்ந்து, ஜெர்சியெல்லாம் சேறாகி, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தாள்.

அவளுடைய தாய் ஆஸ்மா தஞ்சோங் பகாரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பந்தாட்டம்?" என்று ஊரிலிருந்து உறவுக்காரர்கள் போனில் கேட்டார்கள். "நல்லா ஆடுறா, அதுக்குத்தான்" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார். வாப்பா ஒலி முகம்மது தன் பங்குக்கு, வியர்வையை உறிஞ்சுகிற, நன்றாக இழுபடும் துணியாகத் தேடிப் பிடித்து, ஓடினாலும் உருண்டாலும் நழுவாத ஹிஜாப் தைக்கக் கொடுத்தார். உயர்நிலை மூன்றுக்கு வருவதற்குள் பள்ளிகளுக்கிடையே யும்னா பெயர் தெரிந்துவிட்டது. அவளைத் தாண்டிக் கோல் போடுவது சிரமம் என்று எதிரணிப் பெண்களே சொன்னார்கள்.

அந்த ஆண்டு அரையிறுதி ஆட்டம். மழை பெய்து ஓய்ந்த திடல். யும்னாவின் பள்ளி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி தற்காப்பை உடைத்துக்கொண்டு தனியாக வந்தாள். யும்னா முன்னே ஓடி அவள் காலடியில் பாய்ந்தாள். பந்து நெஞ்சுக்குள் வந்து அடங்கியது. அதே நேரத்தில் அந்தப் பெண்ணின் முழங்கால் யும்னாவின் வலது காதுக்கு மேல் மோதியது.

சற்று நேரம் அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை. பிறகு சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. பயிற்றுவிப்பாளர் ஹஸ்லினா எல்லைக்கோட்டிலிருந்து, "யும்னா, ஓகே ஆர் நாட்?" என்று கத்தினார். யும்னா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எழுந்து நின்று ஆட்டத்தைத் தொடர்ந்தாள். இன்னொரு பந்தைக்கூடத் தட்டிவிட்டாள். விசில் ஊதியதும் தோழிகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

திரும்பும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தாரணி. தற்காப்பு ஆட்டக்காரி, தொடக்கப்பள்ளியிலிருந்தே யும்னாவின் உயிர்த்தோழி.

"நமக்கு யாருடி கோல் போட்டா?" என்று யும்னா கேட்டாள்.

"நடாஷா லா. கார்னர்ல இருந்து."

பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டவில்லை. "கோல் யாரு போட்டா?" என்று மறுபடியும் கேட்டாள். தாரணி சிரித்தாள். "விளையாடாதடி." மூன்றாவது முறையும் அதே கேள்வி வந்தபோது தாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. யும்னாவின் முகம் வெளுத்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"தல வலிக்குதா?"

"கொஞ்சம். யார்கிட்டயும் சொல்லாத. அடுத்த வாரம் ஃபைனல்."

தாரணி எழுந்தாள். யும்னா அவள் ஜெர்சியைப் பிடித்து இழுத்தாள். "சொன்னீன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்."

"பேசாட்டி போ" என்று கையை உதறிக்கொண்டு தாரணி முன்னிருக்கைக்குப் போனாள். ஹஸ்லினா பேருந்தை அங்கேயே நிறுத்தச் சொல்லி, டாக்சி பிடித்து, யும்னாவைப் பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அவசரப் பிரிவில் பார்த்தவர் டாக்டர் வைதேகி. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். சில சொற்களைச் சொல்லிச் சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்டார். யும்னாவுக்குப் பாதிச் சொற்கள் வரவில்லை. அதற்குள் பெற்றோர் இருவரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"மயக்கம் போடல, ரத்தம் வரல. அப்புறம் என்ன டாக்டர்?" என்றார் ஒலி முகம்மது.

"மயக்கம் போட்டாதான் கன்கஷன்னு இல்ல சார். மூளை உள்ளுக்குள்ள குலுங்கியிருக்கு."

"ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே?"

"எலும்பு உடைஞ்சிருக்கு, உள்ள ரத்தம் கசியுதுன்னு சந்தேகம் இருந்தா எடுப்போம். இவளுக்கு அந்த மாதிரி அறிகுறி எதுவும் இல்ல. கன்கஷன் ஸ்கேன்ல தெரியாது. மூளை வேலை செய்யிற விதம் கொஞ்ச நாளைக்குத் தடுமாறும்."

வாப்பா சற்று யோசித்தார். "அதாவது, துணி கிழியல. இழை இழுபட்டிருக்கு."

"அப்படியே வச்சுக்குங்க. அது ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா, அதுதான் பெரிய ஆபத்து." டாக்டர் ஆஸ்மாவின் பக்கம் திரும்பினார். "தலவலி கூடிக்கிட்டே போனா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, பேச்சு குழறுனா, எழுப்பியும் எழுந்திருக்கலன்னா, வலிப்பு வந்தா, யோசிக்காம உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

"ஃபைனல்?" என்றாள் யும்னா.

"இல்லம்மா."

"ஒரே மேட்ச் டாக்டர்."

"நீ நல்லாயிடுவ. உன்ன மாதிரி வர்ற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க முழுசா நல்லாயிடுறாங்க. அவசரப்பட்டா இழுத்துக்கிட்டே போகும்."

முதல் இரண்டு நாள் தூக்கமும் ஓய்வுமாகப் போனது. இருட்டறையில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை, வீட்டுக்குள் மெல்ல நடக்கலாம், கைப்பேசியை மட்டும் தள்ளி வைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யும்னா கைப்பேசியைக் குளியலறைக்குள் ஒளித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். வெளியே வரும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்மா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பாத்த?" என்று மட்டும் கேட்டார்.

"ஜெயிச்ச போட்டோ உம்மா. எல்லாரும் என்னயத் தூக்கி வச்சிருக்காங்க. நான் சிரிக்கிறேன். எனக்கு அது ஞாபகமே இல்ல."

ஆஸ்மாவுக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகளோடு இருந்தார். மாலையில் தங்கள் அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றி இருவரும் மெதுவாக நடந்தார்கள்.

அதன்பின் பள்ளிக்கு அரைநாள் மட்டும் போனாள். கணக்குப் புத்தகத்தில் வரிகள் நீந்தின. கேண்டீன் இரைச்சல் தலைக்குள் ஆணி அடிப்பதுபோல் இருந்ததால் நூலகத்தின் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வகுப்பில் ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள்: "தலையில ஒரு கட்டுகூட இல்ல. சும்மா டாக்டர்கிட்ட எம்சி வாங்கி லீவு போடுறா." கால் முறிந்திருந்தால் மாவுக்கட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இந்தக் காயத்தை யாரிடமும் காட்ட வழியில்லை. தாரணி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போவாள். யும்னா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் பிற்பகல். யும்னா கடையின் உள்ளே துணிக்கட்டில் சாய்ந்திருந்தாள். அன்று காலை முதல்முறையாகத் தலைவலி இல்லாமல் எழுந்திருந்தாள். வாப்பாவின் போன் அடித்தது. குழுவில் ஆடும் ஒரு மாணவியின் அப்பா பேசினார்; அவர் குரல் யும்னாவுக்கும் கேட்டது.

"ஒரு மணி நேரம் நிக்கட்டும் லா பாய். நம்ம டீம் பந்த அந்தப் பக்கம் விடவே விடாது. ரிசர்வ் கீப்பர் சின்னப் பொண்ணு, பயப்படுது."

யாரிடமும் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கத் தெரியாதவர் ஒலி முகம்மது. டாக்டர் வேண்டாம் என்றது நினைவிருந்தும் வாயில் சொல் வரவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். யும்னாவுக்கு ஆசை வந்தது. வலி இல்லையே, ஆடினால்தான் என்ன? சட்டென்று எழுந்தாள். அடுக்கியிருந்த துணிகள் எல்லாம் அவள் கண்ணுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தன. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் போனை மறுபடி காதில் வைத்திருந்த வாப்பா அதைக் கவனிக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இங்க குடுங்க வாப்பா" என்று போனை வாங்கினாள். "அங்கிள், எழுந்து நின்னா எனக்கு இன்னும் தல சுத்துது. நான் ஆட மாட்டேன். ரக்ஷனா நிப்பா. நல்லாவே நிப்பா."

போனை வைத்துவிட்டுத் துணிக்கட்டில் முகம் புதைத்துக்கொண்டாள். வாப்பா அவள் பக்கமிருந்த டியூப்லைட்டுகளை அணைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளரிடம், "வாசல்லயே பாத்துக்குங்க, உள்ள புள்ள படுத்திருக்கு" என்றார்.

அன்று மாலை யும்னா சிராங்கூனில் தன் வீட்டுக்கு எதிர்ப் புளோக்கிலிருந்த தாரணியின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"நீ சொன்னது நல்லது" என்றாள்.

"நல்லதுன்னு எனக்குத் தெரியும்டி. நீ பேசாம இருந்ததுதான் தாங்கல" என்று தாரணி அழ ஆரம்பித்தாள். கடைசியில் யும்னாதான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

இறுதி ஆட்டத்தில் பள்ளி ஒரு கோலில் தோற்றது. நிழலில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்து பார்த்திருந்த யும்னா, அழுதுகொண்டு வந்த ரக்ஷனாவைக் கட்டிக்கொண்டாள். "அந்தப் பந்த நானும் பிடிச்சிருக்க மாட்டேன்" என்றாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்னதில் அவளுக்கு வருத்தமில்லை.

முழுநாள் பள்ளி சிரமமில்லாமல் போன பிறகுதான் விளையாட்டைப் பற்றிய பேச்சையே டாக்டர் எடுக்கவிட்டார். முதலில் வேகநடை. பிறகு மெல்லோட்டம். பிறகு யாரும் மோதாத இடத்தில் தனியாகப் பந்துப் பயிற்சி. ஒவ்வொன்றும் ஒரு நாளாவது தொல்லையில்லாமல் போனால்தான் அடுத்தது. ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும்போது தலைவலி திரும்பி வந்துவிட்டது. ஹஸ்லினா பயிற்சியை நிறுத்தி, மறுபடியும் நடையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். யும்னா திடலோரத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். மறுநாள் காலணியை மாட்டிக்கொண்டு நடக்கப் போனாள்.

ஹஸ்லினாவும் மாறியிருந்தார். குழுவைக் கூட்டி, "தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. இனி நான் யாரிடமும் ஓகேவா என்று கேட்கப்போவதில்லை" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

டாக்டர் முழு அனுமதி கொடுத்த பிறகும் ஒரு தடை மிச்சமிருந்தது. காலடியில் பாய அவளால் முடியவில்லை. உடம்பு தயார், மனசு பின்னே இழுத்தது. தாரணி பந்தோடு ஓடி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு விலகிவிடுவாள். பந்து உள்ளே உருளும். தாரணி கேலி செய்யவில்லை. ஓட வேண்டாம், நடந்து வருகிறேன் என்றாள். நடந்து வந்தாள். யும்னா குனிந்து எடுத்தாள். அடுத்த வாரம் மெதுவாக ஓடி வந்தாள். கைகளை முன்னால் நீட்டி, தலையைப் பின்னே காத்துப் பாயும் முறையை ஹஸ்லினா புதிதாகப் பழக்கினார். ஒரு மாலையில் தாரணி முழுவேகத்தில் வந்தாள். யும்னா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாய்ந்தாள். புல்லில் சறுக்கிப் போய் நின்றபோது பந்து அவள் கையில் இருந்தது. "மாட்டிக்கிச்சு!" என்று கூவிக்கொண்டே தாரணி அவள்மேல் விழப் போனவள், சட்டென்று நினைவு வந்து பக்கத்துப் புல்லில் போய் விழுந்தாள். இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறு ஆண்டு யும்னாதான் குழுத்தலைவி. அந்த ஆண்டும் பள்ளி இறுதிச் சுற்றுக்கு வந்தது. ஒலி முகம்மது கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஆஸ்மா அலுவலகத்திலிருந்து நேரே வந்தார். ஆளுக்கு ஒரு கோல். கடைசி நிமிடங்களில் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தைக் கொண்டுவந்தாள். பார்வையாளர் வரிசையில் ஆஸ்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். யும்னா கோல் வாசலை விட்டு வெளியே வந்தாள். கைகள் முதலில் போயின. அந்தப் பெண்ணின் பூட்சுக்கு விரற்கடை முன்னால் பந்தைப் பறித்துக்கொண்டு, உருண்டு எழுந்து, அதே மூச்சில் தாரணிக்கு எறிந்தாள். தாரணியிடமிருந்து நடுவரிசைக்கு, அங்கிருந்து வலப்புறம், அங்கிருந்து கோலுக்குள். விசில் ஊதியபோது அத்தனை பேரும் யும்னாவை நோக்கி ஓடி வந்தார்கள்.

"எம்மவ! எம்மவ!" என்று பக்கத்தில் இருந்த சீனப் பெரியவரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார் ஒலி முகம்மது. அந்தப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

இப்போது யும்னா பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். சென்ற மாதம் இளையர் தேசியக் குழுவின் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தபோது அவள் கடையில்தான் இருந்தாள். பரண்மேல் நின்றிருந்த வாப்பா இறங்கி வரும் அவசரத்தில் ஏணியில் ஒரு படியைத் தவறவிட்டார். "பாத்து வாப்பா, தல!" என்று அவள் கத்தினாள். அவர் காலூன்றி நின்றுகொண்டு சிரித்தார். பிறகு டன்லப் ஸ்திரீட் முழுக்க இரண்டு பக்கமும் கடைகடையாக ஏறி இறங்கி லட்டு கொடுத்தார். யார் என்ன விசேஷம் என்று கேட்டாலும் கதையை அடிபட்ட நாளிலிருந்து ஆரம்பித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இன்று யும்னா கையுறைகளைக் கழுவிக் கடை வாசலில் வெயிலில் காயப்போட்டாள். நாளைக் காலையில் முதல் பயிற்சி.