என் மாடிக்கு வரவேண்டிய வெயில்

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும், நடந்தது முன்னே பின்னே மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தெற்கு வீட்டுக்காரர் செய்தது எனக்கு மறக்காது.

என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டு, நாள் முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. கரண்ட் பில் எகிறிவிட்டது. சோலார் போட்டால் அரசாங்கம் மானியம் தரும், மிச்சக் கரண்டை லைனுக்கு அனுப்பிப் பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். வளையலை விற்று, அஸ்தினாபுரம் வீட்டு மொட்டை மாடியில் தெற்கு ஓரமாகப் பேனல் வைத்தோம். மானியமும் வந்தது, மீட்டரும் மாற்றினார்கள். கோடை முழுக்க பில் பேருக்குத்தான் வந்தது.

ஆடி முடிந்ததும் தெற்கு வீட்டுக்காரர் மனைவியோடு வந்தார். இந்தப் பக்கத்துப் பழைய நிலக்காரக் குடும்பம், குரோம்பேட்டையில் கடை. மேலே மாடி எடுக்கிறோம் என்று தாம்பூலத் தட்டை நீட்டினார். ஆம்பிளைகள் எதிரே எனக்கு வாய் வராது. எவ்வளவு உயரம் என்று கேட்காமல் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு, சந்தோஷம் என்றேன். அதைத்தான் சம்மதம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தது. அவர் மாடி நிழலும் அதன்மேல் ஏற்றிய தண்ணீர்த் தொட்டி நிழலும் என் பேனல்மேல் படுத்துக்கொண்டன. பில் பழையபடி ஏறியது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர் வாசலுக்குப் போய், தொட்டியையாவது தள்ளி வையுங்கள் என்றேன். அதுவரை மரியாதையாகப் பேசியவர், நாலு பேர் எதிரே சொன்னார்:

"இன்னாக்கா, வெயிலுக்குப் பட்டா வாங்கி வெச்சிகினு கீறியா? தாம்பூலம் எடுத்துக்கினு இப்போ வந்து பேஜார் பண்றியே."

நின்றவர்கள் சிரித்தார்கள்.

கரண்ட் ஆபீசில் கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன். "பேனல் வைக்கத்தாம்மா சட்டம், மானியம் எல்லாம். அதுமேல வெயில் விழணும்னு எங்ககிட்ட சட்டம் இல்ல" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எதற்காக வைக்கச் சொன்னீர்கள் என்று கேட்க நினைத்தேன்.

இப்போது என் வீட்டுக்காரர் பில்லுக்குப் பயந்து மெஷினை நிறுத்தப் பார்க்கிறார். நான் விடுவதில்லை. மூச்சை மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்க? உயரமாக இரும்புக் கால் நட்டுப் பேனலைத் தூக்கிவிடலாம் என்கிறார் வெல்டிங் கடைக்காரர். தூக்கத்தான் போகிறேன். அப்படிச் செய்தால் மானியத்தைத் திருப்பிக் கேட்பார்களா, மறுபடி அனுமதி வாங்க வேண்டுமா, தெரியவில்லை. வெயிலை மறைக்கிறவரைக் கேட்க நிஜமாகவே சட்டம் இல்லையா என்பதும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர் யாராவது நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். கால் நடுவதற்கு முன்னால் சொன்னால் நல்லது.